கடைசிப் பக்கத்தில் அவன் இருக்கிறானா

1

சோப்பு எடுக்கக் குளியலறை அலமாரியைத் திறந்தேன். சோப்புக்குப் பின்னால் மாத்திரை டப்பா இருந்தது. ஆட்டிப் பார்த்தேன். நிறைய இருந்தது.

மகன் அந்த நேரம் விமானத்தில் இருந்தான்.

கனடாவின் வின்னிபெக்கில் அது நல்ல குளிர்காலம். சன்னல் கண்ணாடியின் உள்பக்கமே பனி பிடித்திருந்தது. எனக்கு வியர்த்தது.

மறந்துவிட்டுப் போனானா, விட்டுவிட்டுப் போனானா? அதுதான் என் கேள்வி. பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கிறவர்கள் இதைப் படிப்பீர்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். சுற்றிவளைத்து எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

மகன் தினேஷ் போனது எங்கள் ஊர் மரக்காணத்துக்கு. அவன் அப்பாவுக்கு மாசி அமாவாசையில் திதி வருகிறது. அவர் இங்கே ஓட்டலில் சமையல்காரராக இருந்தவர். அடுப்படியிலேயே நெஞ்சு வலித்து விழுந்தார். அதுமுதல் வருஷா வருஷம் இந்த ஊரில்தான் திதி. நல்ல வாழைக்காய்க்குக்கூட அலைய வேண்டும். "இந்த வருஷம் நம்ம கடல்ல குடுக்கறேம்மா" என்றான் தினேஷ். மகன் வாயில் 'நம்ம கடல்' என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மரக்காணத்தில் என் தம்பி ஏழுமலை உப்பளத்தில் வேலை செய்கிறான். அவன் பெண்டாட்டி கஸ்தூரி. அவர்களிடம் போனில் சொன்னேன்: "தினேஷு திதி குடுக்க வர்றான். கொஞ்ச நாள் இருப்பான்."

வியாதியைப் பற்றிச் சொல்லவில்லை. அவனுக்கு வியாதி என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு இன்னொரு பெண் இருக்கிறாள். நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று வரும். இதற்கு மேல் விளக்க வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

2

அவன் அப்பா போன மறுவருஷம் அது ஆரம்பித்தது. ஆரம்பத்தில் வியாதி மாதிரியே இல்லை. பையன் கலகலவென்று பேசினான். வீட்டைத் துடைத்தான், சமைத்தான், தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். தூங்கவில்லை. தூக்கமே வேண்டாம், மனசு பளிச்சென்று இருக்கிறது என்றான். அப்பாடா, பிள்ளை தேறிவிட்டான் என்று நான் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றினேன். அந்த வாரமே கோட்டு போடாமல் பனியில் நடந்துபோனான். போலீஸ்காரர்கள் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குளிரில் காது நுனி கருகியிருந்தது.

அதிலிருந்து மாத்திரை. ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தான். தூங்கினான். வேலைக்குப் போனான். ஆனால் சிரிப்பு போய்விட்டது. "சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உக்காந்தா கால் மரத்துப்போவுமே, அப்படி இருக்குதும்மா தல" என்று ஒருநாள் சொன்னான். "சாப்பிடு" என்றேன்.

டப்பாவைக் கண்டெடுத்த அன்று அவன் அறைக்குப் போனேன். கட்டிலில் ஒரு புத்தகம் கிடந்தது. நூலகத்துப் புத்தகம். ஒரு பக்கத்தின் நுனி மடித்திருந்தது. மகள் நிவேதாவைக் கூப்பிட்டேன். அவளுக்குப் பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரம்.

"இது எங்க கிளாஸ்ல வெச்ச நாவல்மா. க்ரீ ஆளுங்க கதை. நான் சொல்லித்தான் அண்ணா எடுத்தான்."

க்ரீ என்பவர்கள் இந்த மண்ணில் வெள்ளைக்காரனுக்கு முன்பே இருந்த ஜனங்களில் ஒரு கூட்டம். எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள்.

"கதை என்ன?"

"ஒரு ஆளு. சின்ன வயசுல அவன வீட்டுலேர்ந்து பிரிச்சு ஹாஸ்டல்ல போட்டுடறாங்க. பாஷ மறந்துடறான். பெரியவனாகி சிட்டில குடிச்சிட்டு கெட்டுப்போறான். அப்புறம் தன்னைத் தேடி அவங்க ஏரிக்குத் திரும்பிப் போறான். பட்டினி இருக்கான். ஹீல் ஆயிடறான்."

"குணமாயிடறான்?"

"ஆமா. ஆஸ்பத்திரில குடுத்த மாத்திரையெல்லாம் ஏரியில வீசிடறான். அந்த சீன் செமயா இருக்கும்."

நான் கையில் இருந்த டப்பாவை நீட்டினேன்.

அவள் பார்த்தாள். முகம் மாறியது. ஆனாலும் விடவில்லை. "அம்மா, அது மெட்டஃபர்."

"அப்படின்னா?"

"நிஜம் இல்ல. நிஜத்துக்குப் பதிலா ஒண்ணச் சொல்றது."

"மாத்திரை நிஜம்டி."

"முடிவுல அந்த ஆளு உசிரோட இருக்கானா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பரீட்சைக்கு வேண்டிய அளவுதான் படித்தாளாம். பாதிவரை.

பஸ் வந்தது. போய்விட்டாள்.

3

நான் ஓட்டல்களுக்குத் துணி வெளுக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். பெரிய படுக்கை விரிப்புகளை ஒரு ஆளாக மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று இரண்டு பேர் மடிக்க வேண்டும். என் எதிரில் நிற்பவள் டோரீன். என் வயது. க்ரீ பெண். வடக்கே ஒரு ஏரிக்கரைக் கிராமத்தில் பிறந்தவள். என்னைப் போலவே அதிகம் பேசமாட்டாள். மடிக்கும்போது என் பக்கத்து நுனி ஏறி இறங்கிப் போனால் புருவத்தைத் தூக்குவாள். அவ்வளவுதான் பேச்சு.

அன்று என் நுனி எல்லாமே கோணலாகப் போனது. காலை இடைவேளையில் அவளிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். என் இங்கிலீஷில் கேட்டேன். மகன், மாத்திரை, ஏரி, கடைசிப் பக்கம், இருக்கிறானா. அவள் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். "இருக்கான்" என்றாள்.

எனக்கு ஒரு மூச்சு வந்தது. உடனே போனது. புத்தகத்தில் இருக்கிறான். அது புத்தகம்.

"எங்க ஆளுங்க எழுதற கதையில எல்லாரும் ஏரிக்குப் போய்க் குணமாவாங்க. நானும் வருஷா வருஷம் ஏரிக்குப் போறேன். கொசு கடிச்சிட்டு வர்றேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கெல்லாம் சிரிக்கலாமா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன். டோரீன் சிரிக்கவில்லை. மடித்த பக்கத்தைப் பார்த்தாள்.

"உன் மகன் இதுவரைக்கும்தான் படிச்சிருக்கான்" என்றாள்.

"எப்படித் தெரியும் உனக்கு?"

"இதுக்கு அப்புறம் ஒரு பக்கம்கூட மடியல. இதுக்கு முன்னாடி எல்லா இடத்துலயும் மடிச்ச தடம் இருக்குது."

நிவேதா நிறுத்திய அதே இடம். அந்த ஆள் மாத்திரைப் புட்டியை ஏரியில் வீசுகிற இடம்.

"மிச்சத்த நான் படிச்சு சொல்றேன். அந்த ஆள் எப்படிப் பொழச்சு இருந்தான்னு தெரிஞ்சாத்தான உனக்கு உதவும். இருந்தான்னு மட்டும் தெரிஞ்சு என்ன பண்ணுவ?" என்றாள் டோரீன்.

அன்றிலிருந்து இடைவேளைக்கு இடைவேளை படித்தாள். மெதுவாகப் படிப்பாள். விரலை வரியில் வைத்துக்கொள்வாள். அந்த ஹாஸ்டல் அவன் நினைவில் திரும்ப வருகிற பக்கங்களை மட்டும் எனக்குச் சொல்லவில்லை. "அது எங்கம்மா போன மாதிரியான இடம்" என்று சொல்லித் தாண்டிவிட்டாள். நானும் கேட்கவில்லை.

4

இங்கே காலை இடைவேளை என்றால் ஊரில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். தினமும் அப்போதுதான் போன் செய்வேன். தினேஷ் இரண்டு வார்த்தை பேசுவான். "மாத்திரைய மறந்துட்டியேடா" என்று முதல்நாளே கேட்டேன். "வேற வெச்சிருக்கேம்மா" என்றான். பொய். அவன் பொய் சொல்லும்போது 'அம்மா'வில் ஒரு இழுப்பு இருக்கும்.

மிச்சத்தைக் கஸ்தூரி சொல்வாள்.

"அண்ணி, உங்க புள்ள காலையில போயி உப்பளத்து வரப்புல உக்காந்துக்கறான். சாப்பிடக் கூப்டா வரமாட்டேன்றான்."

"ஏனாம்?"

"ஃபாஸ்டிங்காம். சுகர் டெஸ்ட்டான்னு கேட்டேன். இந்த வயசுலயேவான்னு. சிரிச்சான்."

அவன் அந்தப் புத்தகத்து ஆள் மாதிரி தனியாகப் பட்டினி இருக்கப் பார்த்திருக்கிறான். மரக்காணத்தில் அது நடக்குமா? ஒருத்தன் வெயிலில் வரப்பில் தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் ஜனம் சும்மா விடுமா? போகிறவள் வருகிறவள் எல்லாம் நின்று கேட்டிருக்கிறாள். "இன்னாப்பா, லவ்வு ஃபெயிலா?" "வூட்ல சண்டையா?" ஒரு அம்மாள் தன் தூக்குச்சட்டியைத் திறந்து பாதிக் கூழை அவனுக்கு ஊற்றிக் கொடுத்து, குடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். மறுநாள் இன்னொருத்தி. பட்டினி அன்றோடு போனது. ஏழுமலை வேறு, வேலையைப் பார்த்துக்கொண்டே பத்தடி தள்ளி நின்றுகொள்வானாம்.

"தனியா உடலாமாக்கா? புது எடம்" என்றான் தம்பி. அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் நின்றான்.

இந்த மாதிரி எழுதுகிறவர்கள் ஊரை நினைத்து ஏங்குவதாக எழுதுவார்கள். எனக்கு அப்படி இல்லை. கல்யாணம் ஆகும்வரை நான் அந்த உப்பைக் கூடையில் தலைச்சுமையாகச் சுமந்தவள். உப்பளம் எனக்குக் காலில்தான் இருக்கிறது. வெடிப்பில் உப்புத்தண்ணீர் ஏறினால் எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்வேன். கண் கூசும். நிழல் கிடையாது. அங்கே போய் ஒருவன் குணமாவான் என்று யாராவது அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் கூடையை அவன் தலையில் வைத்திருப்பேன்.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான்.

உப்புப் பாத்தியைச் சும்மா வெட்டித் தண்ணீர் விட்டுவிட முடியாது. தரைக் களிமண்ணைக் காலால் மிதிக்க வேண்டும். ஆட்கள் வரிசையாகத் தோளோடு தோள் நின்று, ஒரே நேரத்தில் குதிகால் வைத்து, நாள்கணக்கில் மிதிப்பார்கள். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக வரும். அப்படி மிதித்து முடித்த பாத்தியில் முதல் தண்ணீர் விட்டிருந்தார்கள். அதில் ஈ காக்கைகூட இறங்கக்கூடாது. என் மகன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதில் இறங்கி நடுவில் போய் நின்றிருக்கிறான். கையை விரித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு.

புத்தகத்து ஆள் ஏரியில் அப்படி நிற்கிறானாம்.

"டேய்! டேய்! ஏம்பா! ஏறுடா மேல!" என்று உப்பளமே கத்தியிருக்கிறது. பாத்தி முழுக்கக் கால்தடம். சேறு கலங்கிவிட்டது. தண்ணீரை வடித்துவிட்டுத் திரும்ப மிதிக்க வேண்டும். மேஸ்திரி ஏழுமலையைத் திட்டினார். பிறகு தினேஷைப் பார்த்து, "கலக்கினவன்தான் மிதிக்கணும். நில்லு லைன்ல" என்றார்.

நின்றிருக்கிறான். பொம்பளைகளுக்கு நடுவில். அவர்கள் விட்டார்களா?

"கனடா காலு, பன்னு மாதிரி இருக்குது."

"தம்பி, டேன்ஸ் ஆடாத. எங்ககூடச் சேந்து வையி."

"இவனுக்குப் பொண்ணு குடுத்தா பாத்தியிலதான் தாலி கட்டுவான்."

கஸ்தூரி சொல்லச் சொல்ல நான் சிரித்தேன். எதிரில் டோரீன் என்னவென்று கேட்டாள். சொன்னேன். "எங்க ஏரியில இறங்கினா மீன்தான் திட்டும்" என்றாள்.

சிரித்தேன். ஆனால் டப்பா என் கைப்பையில் இருந்தது. எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போனேன். நடக்கும்போது உள்ளே குலுங்கும்.

5

மாத்திரையை இங்கிருந்து அனுப்பப் பார்த்தேன். தபால் கவுன்டரில் இருந்த பெண் டப்பாவில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வேறு ஒருவர் பெயரில் இருக்கிற மருந்தை நான் நாடு தாண்டி அனுப்ப முடியாது என்றாள்.

அவன் பார்க்கிற டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். என்ன செய்ய வேண்டும் என்று கேட்கத்தான்.

"மகனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா?"

"ஆயிட்டுது."

"அப்படியானால் அவர் சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றி நாங்கள் பேச முடியாது."

"நான் அம்மா."

"புரிகிறது."

இந்த ஊரில் 'புரிகிறது' என்றால் அவ்வளவுதான், பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எனக்குப் பதற்றம். "மை சன் மென்டல்" என்றேன். போனில் இருந்த பெண் மெதுவாக, அந்த வார்த்தையை நாங்கள் இங்கே சொல்வதில்லை என்றாள்.

ஊரிலும் நாங்கள் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. வேறு காரணம்.

ஒன்று மட்டும் சொன்னாள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தாக முடியலாம், பொதுவாகச் சொல்கிறேன், அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். 'பொதுவாக' என்று இரண்டு தடவை சொன்னாள். பாவம், அவளால் முடிந்தது அது.

6

அமாவாசை அன்று திதி கொடுத்தான். ஏழுமலை வீடியோவில் காட்டினான். கடலில் முழுகி எழுந்தான். பிண்டம் வைத்தான். நன்றாகச் செய்தான். அவர் போட்டோவுக்கு நான் இங்கே சாதம் வைத்தேன். இங்கே காக்கை வராத குளிர். சோறு சன்னல் விளிம்பில் கல்லாகக் கிடந்தது.

இரண்டொரு நாள் கழித்து, வழக்கமான இடைவேளையில் ஏழுமலையே போன் செய்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா! புள்ள மாறிட்டான்க்கா! இன்னா பேச்சு பேசறான் தெரியுமா? உப்பளத்துல எல்லாரையும் சிரிக்க வெக்கறான். நம்ம கூரைய அவனே ஏறி சரி பண்ணிட்டான். ராத்திரியெல்லாம் கடக்கரையில நடக்கறான். தூங்கறதே இல்ல, ஆனா ஒரு அசதி கெடையாது பாரேன்! மனசு பளிச்சுன்னு இருக்குது மாமா, உப்பு மாதிரின்றான்!"

கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நம்ம மண்ணு ராசிக்கா. காத்து ராசி."

டோரீன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

சொல்லாமல் இருக்க இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. தூங்கச் சொல்லு, வெயிலில் விடாதே என்று எதையாவது சொல்லி வைத்திருக்கலாம். நிவேதாவின் கல்யாணம் ஒரு பக்கம் வந்து நின்றது. இன்னொரு பக்கம் கருகிப்போன காது நுனி. ஊரில் பனி இல்லை. கடல் இருக்கிறது.

"ஏழுமலை. தனியா வந்து பேசு" என்றேன்.

"தனியாத்தான் இருக்கேன். இன்னாக்கா?"

"அவனுக்கு மனசு வியாதி. இப்படித்தான் ஆரம்பிக்கும். போன தடவ இப்படித்தான் சிரிச்சான். மாத்திரைய இங்கயே உட்டுட்டு வந்துட்டான்."

போனில் கடல் சத்தம் கேட்டது. வெளியில்தான் நின்றிருந்தான்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?" என்றான். வேறு திட்டு இல்லை. பிறகு, "மாத்திர டப்பாவ போட்டோ புடிச்சு அனுப்பு. கடக்கர பக்கம் இனிமே நான் கூடப் போறேன்."

"சரி."

"கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குக் கூட்டினு போவட்டுமா? இந்த மாதிரி புள்ளைங்கள வெச்சிக்கினு குடும்பமே அங்க தங்கியிருக்கும், நீ பாத்திருக்க இல்ல?"

"பாத்திருக்கேன். மொதல்ல டாக்டரு."

"ரெண்டுக்கும் போவோம். சாமி கோச்சுக்காது."

வைத்துவிட்டான். நான் டோரீனிடம் சொன்னேன். என் இங்கிலீஷில் எவ்வளவு புரிந்ததோ. அவள் தன் அக்காவுக்கும் அப்படித்தான் என்றாள். முதல்தடவை சொன்னாள். இத்தனை வருஷம் எதிரெதிரே மடித்திருக்கிறோம்.

"அக்கா மாத்திரையும் போடுவா. எங்க சடங்குக்கும் போவா. ரெண்டும். இந்தப் புக்குல அந்த ஆளு மாத்திரைய வீசற இடத்தப் படிச்சதும் எனக்குக் கோவம் வந்துச்சு. எழுதினவங்கள நேர்ல பாத்தா கேக்கணும்னு நெனச்சேன். அப்புறம் அடுத்தத படிச்சேன்."

"அடுத்தது என்ன?"

"உக்காரு" என்றாள்.

7

அடுத்து வருவது இதுதான்.

அந்த ஆள் ஏரிக்கரைப் பாறையில் தனியாகப் பட்டினி கிடக்கிறான். தனியாக இருப்பதாக அவன் நினைத்துக்கொள்கிறான். மரத்துக்குப் பின்னால் அவன் அத்தை தினமும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். ஒருநாள் விடியற்காலை அவள் வலையை இழுக்கிறாள். மீனோடு ஒரு புட்டி வருகிறது. மூடி போட்ட மாத்திரைப் புட்டி. மூழ்காமல் மிதந்து வலையில் சிக்கியிருக்கிறது. அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு மீனைச் சுட்டுத் தட்டில் வைக்கிறாள். பக்கத்தில் புட்டியை வைக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு எதிரில் உட்கார்ந்து தன் மீனைத் தின்கிறாள்.

அவ்வளவுதான் அந்த அத்தியாயம்.

"இதத்தான் உன் மகன் படிக்கல" என்றாள் டோரீன்.

எனக்கு ஒன்று தோன்றியது. போனை எடுத்து, குரல் பதிவை அழுத்தி, அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கும் புரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, விரலை வரியில் வைத்து, அந்தப் பக்கங்களைப் படித்தாள். பின்னால் துணி உலர்த்துகிற இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் வரி தப்பி மறுபடி விரலை வைத்தாள். நிறுத்தவில்லை. முடித்ததும் தானாக ரெண்டு வார்த்தை சேர்த்தாள்.

"ஏய் தம்பி. நான் உன் அம்மாவுக்கு எதிரில் துணி மடிக்கிறவள். நீ போனதிலிருந்து அவள் எல்லாத்தையும் கோணலாக மடிக்கிறாள். நான் பிரித்துத் திரும்ப மடிக்கிறேன். எனக்கு முதுகு வலிக்கிறது. கதையை முழுசாகப் படி."

தினேஷுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டான் என்று நீலக்கோடு காட்டியது. பதில் வரவில்லை.

அன்று முழுக்க வரவில்லை.

8

ஏழுமலை அவனைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதைக் கஸ்தூரி சொன்னாள். நேராகக் கூப்பிட்டால் வரமாட்டான் என்று தெரியும். "எனக்குக் கண்ணு காட்டணும்டா, உப்பு வெள்ளையப் பாத்துப் பாத்து மங்குது. டாக்டரு இங்கிலீஷ்ல பேசுவாரு, தொணைக்கு வா" என்றிருக்கிறான். பஸ் முழுக்கத் தினேஷ் பேசிக்கொண்டே வந்தானாம். பக்கத்து சீட்டுக்காரரிடம் உப்பளத்தையே விலைபேசினானாம்.

வாசலில் பலகையைப் பார்த்துவிட்டு நின்றான்.

"மாமா, இது கண் டாக்டர் இல்ல."

"தெரியும்டா. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? உக்காரு."

"அம்மா சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டா. உக்காரு. எனக்கு ஒரு நாள் வேல போச்சு. சும்மா திரும்பமாட்டேன்."

உட்கார்ந்தான். ஏன் உட்கார்ந்தான் என்று எனக்கு இன்னும் தெரியாது. டாக்டர் டப்பாவின் போட்டோவைப் பார்த்து அதே மாத்திரை எழுதிக்கொடுத்தார். தூங்குவதற்கு ஒன்றும் கொடுத்தார். விடாமல் வரச் சொன்னார். திரும்பும் வழியில் கீழ்புத்துப்பட்டில் இறங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

மாத்திரை வந்துவிட்டது. ஆனால் அவன் போடவில்லை. அன்றைய மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அப்புறம், அப்புறம் என்றான். வாயில் திணிக்க முடியுமா? மீசை முளைத்த பிள்ளை.

மறுநாள் இடைவேளையில் நான் கூப்பிட்டபோது அங்கே சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி போனை அரிசிப் பானைமேல் சாய்த்து வைத்திருந்தாள். எனக்குத் தினேஷின் கையும் தட்டும் மட்டும் தெரிந்தன. கை நிற்காமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

தட்டில் முதலில் உப்பு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஓரத்தில் ஒரு சிட்டிகை. பிறகுதான் சோறு. கஸ்தூரி குனிந்தாள். உப்பு வைக்கிற இடத்தில் மாத்திரையை வைத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். வறுத்த மத்தி மீனை வைத்தாள். எதிரில் தன் தட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்கு நான் அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

தாளம் நின்றது.

"அத்தே, அந்தப் புக்க நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டான் தினேஷ்.

"இன்னா புக்கு?"

"அதான்... மீனு... அம்மா சொன்னாங்களா?"

"மீனு ஆறுது. சாப்டு."

அவன் சிரித்தான். அந்தப் பளிச்சென்ற சிரிப்பு இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த சிரிப்பு. கை தட்டின் ஓரத்துக்குப் போனது. அப்போது பானை நகர்ந்து போன் கவிழ்ந்தது. படம் கறுப்பாகிவிட்டது.

"கஸ்தூரி! கஸ்தூரி!" என்று கத்தினேன். துணி மடிக்கிற கூடமே திரும்பிப் பார்த்தது.

போனை நிமிர்த்த அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்தை எழுத எனக்கு வராது.

"இன்னா அண்ணி, கத்துறீங்க?"

"முழுங்கினானா?"

"முழுங்கிட்டான்."

"பாத்தியா?"

"வாயத் தொறந்து காட்டுடான்னேன். நாக்கத் தூக்கிக் காட்டினான். கொழந்த மாதிரி."

டோரீன் ஒரு விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்தாள். போய் எதிரில் நின்றேன். மடித்தோம். நுனி நேராக இருந்தது என்று சொல்லமாட்டேன். அவள் புருவத்தைத் தூக்கவில்லை.

நூலகத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது. புத்தகத்தின் கெடு முடிந்துவிட்டதாம். இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று நிவேதாவை எழுதிக் கேட்கச் சொன்னேன். இப்போது அவள் மிச்சத்தைப் படிக்கிறாள். ஹாஸ்டல் திரும்ப நினைவில் வருகிற பக்கங்களில் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மாத்திரை உடனே வேலை செய்யாது, நாள் ஆகும் என்று புதுச்சேரி டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று ராத்திரி கொஞ்சம் தூங்கினானாம். ஏழுமலை வாசப்படியில் குறுக்கே பாய் போட்டுப் படுத்திருந்தானாம்.

புத்தகத்து ஆள் கடைசிப் பக்கத்தில் இருக்கிறான். என் பிள்ளை இன்றைக்கு இருக்கிறான். நாளைக்கு இடைவேளை மணி அடித்ததும் கூப்பிட வேண்டும். கஸ்தூரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், போனைப் பானைமேல் வைக்காதே என்று.